‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கல்லூரி மாணவர்கள் ஸ்கூட்டரோடு விழுந்து கை கால் சிராய்த்துக்கொண்ட செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் அவ்வப்போது வருகிறது. ‘பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்து’ என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடும். படிக்கிறவர் வண்டியில் கோளாறு என்று நினைப்பார், இல்லாவிட்டால் பிள்ளைகளின் வேகத்தைத் திட்டுவார். அப்படி விழுந்த வண்டியை மறுநாள் காலை எங்கள் மெக்கானிக் பட்டறையில் ஓட்டிப் பார்த்தால் பிரேக் ஜம்மென்று பிடிக்கும். வேகமும் பல நேரம் முப்பதைத் தாண்டியிருக்காது. நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

சேலத்துப் பிள்ளைகளுக்கு மலை கொல்லைப்புறம் மாதிரி. கருப்பூரில் 1966-இல் வந்த அரசு பொறியியல் கல்லூரி, அதே கருப்பூரில் 1997-இல் வந்த பெரியார் பல்கலைக்கழகம், அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கத்துக் கல்லூரிகள் என்று எங்கிருந்து கிளம்பினாலும் ஒன்றரை மணி நேரத்தில் ஏரிக்கரையில் டீ குடிக்கலாம். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். அடிவாரத்தைத் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி திணறுவதால் எல்லோருக்கும் ஏற்றத்தின் மேல்தான் பயம். காற்று பார்க்கிறார்கள், பெட்ரோல் போடுகிறார்கள், இரண்டு பேரோடு இழுக்குமா என்று கேட்கிறார்கள். இறக்கத்துக்கு வண்டி தாங்குமா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர் குறைவு. விழுவதோ இறக்கத்தில்.

ஒரு சின்னக் கணக்கு. வண்டி 110 கிலோ, ஆட்கள் இருவர் 130 கிலோ, மொத்தம் 240 கிலோ. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் பள்ளம். இவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல், எட்டு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இன்ஜினை விட்டால் இன்ஜினும் ஒரு பங்கு வாங்கும். மீதி முழுவதும் உள்ளங்கை அகல பிரேக் டிரம்முக்குள் போய்ச் சேரும். சாதாரண 110 சி.சி. ஸ்கூட்டரில் அந்த டிரம்மின் விட்டம் 130 மில்லிமீட்டர். சக்கரத்துக்கு நடுவில் மூடிய டப்பா போல இருப்பதால் உள்ளே காற்றோட்டம் கிடையாது. சூடு ஏறினால் டிரம் விரியும், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை அதைத் தொட இன்னும் தூரம் நகர வேண்டும், லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும். அதோடு கட்டையின் மேல்பரப்பு கண்ணாடி போல் வழுவழுத்துப் பிடிமானம் போய்விடும். பிரேக் ‘பிடிக்காமல்’ போவது இப்படித்தான். அரைமணி நேரம் நிறுத்தினால் டிரம் சுருங்கிப் பழையபடி பிடிக்கும். அதனால்தான் மறுநாள் பட்டறையில் குற்றவாளி அகப்படுவதில்லை.

இதில் கியர் இல்லாத ஸ்கூட்டருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கியர் வண்டியில் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள், அது சரியான பேச்சு. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவதிலேயே இறங்கினால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் கிளட்ச் தானாக வேலை செய்கிறது. இன்ஜின் சுற்று கூடினால் கிளட்ச் விரிந்து பிடிக்கும், சுற்று குறைந்தால் சுருங்கி விட்டுவிடும். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கினால், வண்டி இருபதுக்கு மேல் ஓடும்வரை இன்ஜின் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். வளைவுக்காகப் பத்து, பன்னிரண்டுக்குக் குறைத்தீர்களா, கிளட்ச் விட்டுவிடும். அதன்பின் அது பெடல் இல்லாத சைக்கிள். வளைவு முடிந்ததும் வண்டி ‘ஓடிப்போகுது’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். உடனே லிவரை நெரித்துப் பிடிக்கிறார்கள். வேண்டியது அதுவல்ல. வளைவைத் தாண்டி நேரானதும் ஆக்சிலேட்டரை ஒரு நொடி லேசாகத் திருகி மூடினால் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்ளும். வண்டி ஒரு சின்னக் குலுக்கலோடு இன்ஜின் பிடியில் இறங்கும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரா என்று கேட்பார்கள். ஆமாம், ஒரு நொடி.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். ‘பெட்ரோல் மிச்சம், இருபது கிலோமீட்டர் ஓசியில் வந்தோம்’ என்று பெருமை வேறு. அரைமணி நேரம் சும்மா ஓடினாலும் இந்த இன்ஜின் ஒரு டம்ளர் பெட்ரோல் கூடக் குடிக்காது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகை விதி) ஸ்கூட்டர்களில் பெட்ரோலை இன்ஜெக்டர்தான் அளந்து விடுகிறது. சக்கரம் இன்ஜினைச் சுழற்றும் இறக்கத்தில் பல வண்டிகளில் அது தானாகவே பெட்ரோலை நிறுத்திவிடும். மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. சாவியை அணைத்தால் ஹாரன் இல்லை, பிரேக் விளக்கு இல்லை, முகப்பு விளக்கு இல்லை. பின்னால் வரும் பஸ்ஸுக்கு நீங்கள் நிறுத்தப் போவது தெரியாது. பழைய வண்டியில் சாவி இன்னும் ஒரு திருப்பு திரும்பினால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. கியர் வண்டியை நியூட்ரலில் போட்டு இறங்குவதும் கிளட்சைப் பிடித்தபடி இறங்குவதும் இதே ரகம்தான்.

அடுத்தது எந்தக் கையால் பிடிக்கிறோம் என்பது. வலது கை ஆக்சிலேட்டரில் இருப்பதால் பெரும்பாலோர் இடது லிவரை மட்டும் பிடிக்கிறார்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளுக்கு இரட்டை பிரேக் ஏற்பாடு கட்டாயமானது. அவற்றில் இடது லிவரைப் பிடித்தால் முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் போகும். அதற்கு முந்தைய பல வண்டிகளில் இடது என்றால் பின் சக்கரம் மட்டும்தான். அண்ணன் ஓட்டி, அப்பா ஓட்டி, தம்பிக்கு வந்த ஸ்கூட்டர்கள் நிறைய அந்த வகை. இறக்கத்தில் எடை முன்பக்கம் சாயும், பின் சக்கரம் லேசாகும். லேசான சக்கரத்தின் டிரம்மிலேயே இருபது வளைவின் சூட்டையும் ஏற்றினால் அது எங்கே தாங்கும்? இரண்டு லிவரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிடித்தபடியே இருக்கக் கூடாது. வளைவுக்கு முன் நேர்பாதையிலேயே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, வளைவுக்குள் உருட்டிக்கொண்டு போக வேண்டும். வளைவுக்குள் சாய்ந்த நிலையில் முன் பிரேக்கைத் திடீரென நெரித்தால் முன் டயர் வழுக்கிக்கொண்டு போகும். மலை ஓரமாக மழை அடித்துக்கொண்டு வந்த மணல் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். டிஸ்க் சீக்கிரம் ஆறும் என்பது உண்மை. அதன் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரமே கொதித்துக் குமிழி விடும், லிவர் பஞ்சுபோல் அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் மாற்ற என்று கேட்டு வருகிறவர்கள் அபூர்வம்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்சிலேட்டரை விட்டால் மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும், அது மலையில் பெரிய வசதி. ஆனால் பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் அந்தக் கரண்ட் போக இடமில்லை. பல வண்டிகளில் அந்தப் பிடி குறைந்துவிடும், அல்லது வேலையே செய்யாது. மேலே சார்ஜ் போடுவதாக இருந்தால் முழுசாக நிரப்பாமல் எண்பதோடு நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

இறங்கும் வழியில் வண்டி முன்கூட்டியே சொல்லும். முதலில் கருகின வாடை, அடுத்து லிவர் தொய்வு, மூன்றாவதாகக் கட்டையின் கீச்சொலி. வாடை வந்ததுமே நிறுத்த வேண்டும். நேர்பாதையில், இடதுபக்கம் அகலமாக இருக்கும் இடத்தில், எந்தக் காரணத்துக்கும் வளைவில் அல்ல. பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். வளைவு எண்கள் கீழிருந்து மேலே போவதால், இறங்குகிறவருக்கு இருபதில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். இரண்டு பேர் ஏறிய வண்டி பதினான்கைத் தாண்டி ஒருமுறையும் ஏழைத் தாண்டி ஒருமுறையும் வாடை வராவிட்டாலும் நிற்பது நல்லது.

நின்ற இடத்தில் இரண்டு தப்பு செய்கிறார்கள். டிரம்மில் பாட்டில் தண்ணீரை ஊற்றுவது ஒன்று. கொதிக்கும் டிரம் சட்டென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். உள்ளே தண்ணீர் புகுந்தால் நனைந்த கட்டை அடுத்த வளைவில் சுத்தமாகப் பிடிக்காது. இன்னொன்று கெட்டிக்காரர்கள் செய்யும் தப்பு. லிவர் தொய்ந்துவிட்டதே என்று பின் சக்கரத்தில் பிரேக்கை இறுக்கும் நட்டை அங்கேயே முறுக்கிவிடுகிறார்கள். விரிந்த டிரம்முக்கு அளவாக முறுக்கினால், ஆறிச் சுருங்கும்போது கட்டை டிரம்மைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் பிரேக் பிடிக்காமலே உரசிக்கொண்டு ஓடும், இரண்டு கிலோமீட்டரில் பழையபடி புகையும். நட்டைச் சூட்டில் தொடவே கூடாது.

ஓடும்போதே பிரேக் கைவிட்டுவிட்டால் இன்ஜினை அணைக்காமல் ஆக்சிலேட்டரை மூடி, இரண்டு லிவரையும் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப அடித்துப் பிடியுங்கள். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலை ஓரத்து மண்ணிலோ புதரிலோ வண்டியை உரசவிடுங்கள். காலை ஊன்றி நிறுத்தப் பார்ப்பவர்களுக்குக் கணுக்கால்தான் போகும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பார்க்க வேண்டியது அதிகமில்லை. லிவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும், அதற்குப் பிறகு பிடிக்க வேண்டும். டிரம்முக்கு வெளியே பிரேக் கம்பி இழுக்கும் இரும்புக் கையில் ஓர் அம்புக்குறி இருக்கும். லிவரை முழுசாகப் பிடிக்கும்போது அந்த அம்பு மூடியில் உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் கட்டை முடிந்தது, மாற்ற வேண்டும். மலை ஏறி வந்த வண்டி அடுத்த நாள் கீச்சிட்டால் டிரம்மைக் கழற்றி, வழுவழுத்த கட்டையை எமரி தாளில் தேய்த்து, தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து மாட்ட வேண்டும். கட்டையே மாற்றினாலும் கூலியோடு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. நண்பனின் வண்டியையோ வாடகை வண்டியையோ எடுத்துப்போகிறவர்கள் லிவர் ஆட்டம், அம்புக்குறி இரண்டையும் வாசலிலேயே பார்த்துவிட்டு எடுங்கள்.

சுற்றிப் பார்ப்பதிலும் ஒரு கணக்கு வேண்டும், ஏனென்றால் இறங்கும் நேரத்தை அதுதான் முடிவு செய்கிறது. எல்லோரும் ஏரியில் தொடங்குகிறார்கள். படகு வரிசையில் நின்றே பத்தரை மணி ஆகிவிடும், பிறகு மற்ற இடங்களுக்கு ஓட்டம். ஆறரைக்கு அடிவாரம் வந்தால் எட்டு மணிக்குள் மேலே இருக்கலாம். பனி விலகும் நேரத்தில் பகோடா பாயின்ட்டும், அடுத்து 1,623 மீட்டரில் இருக்கும் சேர்வராயன் கோயிலும் பார்த்துவிடுங்கள். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிடும் அந்தக் கோயில் மலைவாழ் மக்களின் குலசாமி, செல்ஃபி எடுக்கும் இடமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயில் ஏறியபின் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியை உயிரோடு பார்க்கலாம், தாவரவியல் படிக்கிற பிள்ளைகளே பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நேரமும் வண்டியும் நன்றாக இருந்தால் ஏரியிலிருந்து கிளம்பி ஏரிக்கே வந்துசேரும் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்த மலை இது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய அந்தத் தோட்டங்களுக்கு நடுவே, மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்து காப்பி பூத்திருந்தால் மல்லிகைக் கடைக்குள் ஓட்டுவதுபோல் இருக்கும். கிளியூர் அருவி கோடையில் வெறும் பாறை. மழைக்குப் பின் போனால் படி இறங்கி ஏற ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஏறி வந்த கால் நடுக்கத்தோடு உடனே வண்டியை எடுக்காதீர்கள். ஏரியும் அண்ணா பூங்காவும் கடைசியில் இருந்தால் போதும்.

மாலை நான்கு மணிக்கு இறக்கம் தொடங்க வேண்டும். சூரியன் மறைவதை லேடிஸ் சீட்டில் பார்த்துவிட்டு, சேலத்து விளக்குகளையும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் இருட்டிலும் பனியிலும் அகப்படுகிறார்கள். காட்சி அருமைதான், மறுக்கவில்லை. அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பஸ்ஸில் வரட்டும், அல்லது இரவு தங்கட்டும். நவம்பர், டிசம்பரில் பனி இறங்கினால் ஸ்கூட்டர் விளக்கின் வெளிச்சம் பத்தடியில் வெள்ளைச் சுவராக நிற்கும். கோடை விழா நாட்களில் ஏற அடிவாரம் சாலை, இறங்கக் குப்பனூர் சாலை என்று போலீஸ் மாற்றிவிடுவது உண்டு. குப்பனூர் வழி தூரம் கூடுதல் என்பதால் அந்த நாட்களில் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள்.

வளைவில் எதிரே பஸ் ஏறிவந்தால் அதற்கு முழு அகலமும் தேவை. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. வளைவுக்கு மேலேயே நின்று வழிவிடுங்கள். சந்தில் நுழையப் பார்த்தவர்கள் பஸ்ஸின் வால் வீசும்போது சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். குரங்கு இன்னொரு தொல்லை. தட்டுவடை செட் பொட்டலத்தை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு வளைவில் நின்றால், அது பொட்டலத்தோடு வண்டியையும் சாய்த்துவிட்டுப் போகும். தின்பண்டம் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும், குரங்குக்குப் போடவும் வேண்டாம்.

விழுந்துவிட்டால், அடி சிறியதாக இருந்தால்: முதலில் ஆளையும் வண்டியையும் சாலையை விட்டு ஓரம் கொண்டுவாருங்கள், ஒருவர் மேல் வளைவில் நின்று வருகிற வண்டிகளுக்குக் கை காட்டட்டும். சிராய்ப்பைச் சுத்தத் தண்ணீர் ஊற்றி மண் போகக் கழுவுங்கள். சைலன்சர் சுட்ட இடத்தில் இருபது நிமிடம் தண்ணீர் ஓடட்டும். காப்பித்தூள், பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். தலை அடிபட்டு வாந்தியோ மயக்கமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள், வண்டியில் நடுவே உட்காரவைத்து இறக்காதீர்கள். ஊருக்கு வந்ததும் டி.டி. ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

விழுந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று தள்ளிக்கொண்டே இறங்குகிறவர்கள் உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் இருக்கிறது. நிமிர்த்தி, சாவியை அணைத்துப் போட்டால் ஓடும். ஓட்டும் முன் லிவர் உடைந்திருக்கிறதா, ஹேண்டில் முன் சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா, சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஹேண்டில் கோணியிருந்தால் அதை ஓட்டக் கூடாது, ஒரு குட்டியானையில் ஏற்றி இறக்குங்கள்.

உங்கள் வழியாக நெடுஞ்சாலைத் துறைக்கும் காவல்துறைக்கும் ஒரு வேண்டுகோள். இதற்கென ஒரு பலகை வைப்பதாக இருந்தால் அது ஏறுகிறவர் கண்ணில் படும் அடிவாரத்தில் வேண்டாம். ஊர் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில், இருபதாவது வளைவுக்கு முன் வேண்டும். ‘இன்ஜினை அணைக்காதே. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பிடித்து விடு. லிவர் தொய்ந்தால் நிறுத்தி ஆறவிடு.’ மூன்று வரிக்கு மேல் எழுதினால் ஓடுகிற வண்டியிலிருந்து படிக்க முடியாது. சூடு ஆற நிற்க, அகலமான இரண்டு இடங்களில் வெள்ளைக் கோடு போட்டு ஒதுக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் நிற்பார்கள். இப்போது நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான்.

உங்கள் செய்தியாளர்களுக்கும் ஒன்று. அடுத்தமுறை இப்படி ஒரு செய்தி எழுதும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, எத்தனையாவது வளைவு, வண்டியில் எத்தனை பேர் என்ற மூன்றையும் விழுந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். ஏற்காடு போகிற பிள்ளைகள் சனிக்கிழமை மாலையே வண்டியோடு பட்டறைப் பக்கம் வரட்டும். லிவர் ஆட்டமும் அம்புக்குறியும் பார்க்க ஐந்து நிமிடம், அதற்குக் காசு கிடையாது.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி, கோரிமேடு பகுதி இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சிலர்,
சேலம்.